தாடை எலும்பில் ஆறாத சீழ்: எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது?

பல் பிடுங்கி நாலு மாதம் ஆகிவிட்டது. கன்னத்து வீக்கம் மாத்திரை சாப்பிடும்போது வடிகிறது, நிறுத்திப் பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. தாடைக்குக் கீழே தோலில் சின்னதாக ஒரு துளை விழுந்து, காலையில் எழுந்தால் தலையணை உறையில் மஞ்சள் கறை. வீட்டில் ஒருவருக்கு இப்படி இருந்தால் டாக்டர் சில வழிகளைச் சொல்லியிருப்பார். இன்னொரு கோர்ஸ் ஆன்ட்டிபயாட்டிக் போட்டுப் பார்க்கலாம், சீழை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பலாம், ஸ்கேன் எடுக்கலாம், எலும்பிலிருந்தே ஒரு துண்டு எடுத்துச் சதைப் பரிசோதனை (பயாப்ஸி) செய்யலாம், பெரிய ஊர் என்றால் டிஎன்ஏ பரிசோதனையும் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, வலி வேறு. அவை பதில் சொல்லும் கேள்வியும் வேறு.

வாய், தாடைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. நம் ஊரில் அறுவை சிகிச்சை அறையிலிருந்து ஆய்வகத்துக்குப் பாட்டிலைப் பெரும்பாலும் நோயாளியின் வீட்டார்தான் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் இதை டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது, எது இல்லை என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் நோயாளிக்குப் பல வாரம் மிச்சமாகும்.

எதைத் தேடுகிறோம்

ஆறாத தாடைச் சீழுக்குப் பெரும்பாலும் காரணம் வாயில் எப்போதும் குடியிருக்கும் பல கிருமிகள் கூட்டாகச் சேர்ந்துகொள்வதுதான். பல்லைச் சுத்தம் செய்து, செத்த எலும்பை எடுத்து, சரியான மருந்தைக் கொடுத்தால் அடங்கிவிடும். அப்படி அடங்காதவற்றில்தான் அபூர்வமாக நோய் உண்டாக்கும் கிருமிகளைத் தேட வேண்டியிருக்கிறது. தாடையைப் பொறுத்தவரை அதில் முக்கியமானது ஆக்டினோமைசிஸ் இஸ்ரேலி. மாடுகளுக்குத் தாடை கல்லாக வீங்கும் நோயை 1877-ல் ஜெர்மனியில் பொலிங்கர் விவரித்தார். அதில் கண்ட கிருமிக்குக் கதிர்ப் பூஞ்சை என்ற பொருளில் ஹார்ட்ஸ் பெயர் வைத்தார். அடுத்த வருடமே ஜேம்ஸ் இஸ்ரேல் மனிதர்களிடம் அதேபோன்ற நோயைப் பற்றி எழுதினார். பெயரில் பூஞ்சை இருந்தாலும் அது பாக்டீரியா. பூஞ்சைக்கான மருந்து இதற்கு வேலை செய்யாது, பெனிசிலின் செய்யும். இந்த நோயின் பெயர் ஆக்டினோமைகோசிஸ். அறிக்கையில் அந்த ‘மைகோசிஸ்’ என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு 2021-ல் கேட்ட கரும்பூஞ்சை என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

அடுத்தது காசநோய். தாடை எலும்பில் அது அரிதுதான். ஆனால் காசநோய் பரவலாக இருக்கும் நாட்டில் அதைத் தேடாமல் விடக் கூடாது. நோகார்டியா என்ற பாக்டீரியா இன்னும் அரிது. இந்தக் கிருமிகள் எல்லாவற்றையும் விட நான் அதிகம் பயப்படுவது கிருமியே இல்லாத ஒன்றுக்கு. வெற்றிலை, புகையிலை போடும் ஊரில் ஆறாத தாடைப் புண் புற்றுநோயாகவும் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

இன்னொரு கோர்ஸ்

மலிவானது, வலியில்லாதது, வேலைக்கு லீவு போட வேண்டாம். அதனால் எல்லோருக்கும் இதன் மேல்தான் கை போகும். பல் வீக்கம் என்றால் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாளைக்கு எழுதுவது நம் ஊர் வழக்கம். மெட்ரோனிடசோல் ஆக்டினோமைசிஸைத் தொடவே தொடாது. அமாக்ஸிசிலின் தொடும், ஆனால் ஐந்து நாள் போதாது. இந்த நோய் எலும்புக்குள் போய்விட்டால் வழக்கமான சிகிச்சை, பெனிசிலின் வகை ஊசி 2 முதல் 6 வாரம், அதன்பின் மாத்திரை 6 முதல் 12 மாதம். செத்த எலும்பை நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டால் சிலருக்கு அதைவிடக் குறைந்த காலமே போதும். எப்படியானாலும் மாதக் கணக்குதான். ஐந்து நாள் மருந்து கிருமியை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். வீக்கம் வடிந்ததும் ‘சரி, ஆறிவிட்டது’ என்று நினைத்துக்கொள்வோம்.

அதோடு, ஒவ்வொரு கோர்ஸும் அடுத்து வரும் கல்ச்சரைக் கெடுக்கிறது. நோயாளி நிலையாக இருந்தால் எலும்பு எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் ஆன்ட்டிபயாட்டிக்கை நிறுத்தி வைக்கப் பல அறுவை மருத்துவர்கள் விரும்புவது இதனால்தான். ஒரே மாதிரியான கோர்ஸ் இரண்டு முறை முடிந்தும் சீழ் திரும்பியிருந்தால் மூன்றாவதற்குச் சம்மதிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, நாக்குக்கு அடியில் வீக்கம், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம், இதில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே மருந்துதான் முதலில், பரிசோதனை அப்புறம். சர்க்கரை நோயாளிக்கு மேல்தாடைப் பற்கள் திடீரென்று ஆடினாலோ, அண்ணத்தில் கருப்பாகத் தெரிந்தாலோ அதே அவசரம்தான். கரும்பூஞ்சை நாள் கணக்கில் பரவும். நான் கீழே சொல்லும் நிதானமான வரிசை அவர்களுக்குப் பொருந்தாது.

பஞ்சுக்குச்சியா, ஊசியா

தோலில் விழுந்த துளை வழியே வரும் சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு கல்ச்சருக்கு அனுப்புவது அடுத்த சுலப வழி. இரண்டு நாளில் அறிக்கை வரும். ஏதோ ஒரு கிருமியின் பெயரும், அதற்குக் கேட்கும் மருந்துகளின் பட்டியலும் அதில் இருக்கும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். அந்தப் பெயர் பெரும்பாலும் துளையின் வாயில் குடியேறிய கிருமியின் பெயர். உள்ளே எலும்பில் இருப்பது வேறாக இருக்கலாம். நாள்பட்ட எலும்புச் சீழில் துளையில் எடுத்த கல்ச்சரையும் அறுவையில் எடுத்த எலும்பின் கல்ச்சரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு 1978-லேயே அமெரிக்காவில் வெளிவந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் எலும்பில் இருந்த கிருமி துளையில் எடுத்ததில் வரவில்லை. வாய்க்குள்ளிருந்து பஞ்சில் தொட்டு எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். எச்சில் பட்ட எதிலும் நூறு கிருமி வளரும்.

ஆக்டினோமைசிஸுக்குக் காற்று ஆகாது. பஞ்சுக்குச்சியில் காய்ந்துகொண்டே ஆய்வகம் வந்து சேர்வதற்குள் அது செத்துவிடும். உயிரோடு வந்து சேர்ந்தாலும் மெதுவாகத்தான் வளரும். காற்றில்லாத சூழலில் 10, 14 நாள் விட்டு வைக்க வேண்டும், சில சமயம் மூன்று வாரம்கூட ஆகும். சாதாரண கல்ச்சர் தட்டை 48 மணி நேரத்தில் மூடிவிடுவார்கள். ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை.

சீழ் தேங்கித் தோல் இன்னும் உடையாமல் இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வெளித் தோலைச் சுத்தம் செய்து, ஊசி குத்திச் சீழை உறிஞ்சி எடுப்பது. எச்சில் படாது, காற்றும் படாது. சிரிஞ்சில் உள்ள காற்றை வெளியே தள்ளிவிட்டு, மூடி போட்டு, அப்படியே கையோடு ஆய்வகத்துக்குக் கொண்டு போக வேண்டும். செலவு பஞ்சுக்குச்சிக்கு ஆவதுதான், மதிப்பு பல மடங்கு. இதையே ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கவும் முடியும். ஊசி கெட்டி எலும்புக்குள் போகாது என்பது மட்டும்தான் குறை.

இன்னொன்று, கட்டு பிரிக்கும்போது கவனியுங்கள். துணியில் ரவை மாதிரி, அதைவிடவும் சின்னதாக, மஞ்சள் துகள்கள் ஒட்டியிருந்தால் துணியைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கந்தகத் துகள் என்று பெயர், கந்தகத்துக்கும் அதற்கும் நிறம்தான் உறவு. அந்தத் துகளை இரண்டு ஸ்லைடுக்கு நடுவே வைத்து நசுக்கினால் மணலை நெரிப்பது போல லேசாக நறநறக்கும். சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தால் நூல்கண்டு பிரிந்த மாதிரி மெல்லிய ஊதா இழைகள் கிளை கிளையாகத் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்க்கும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். வேறு சில கிருமிகளும் துகள் உண்டாக்கும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

ஸ்கேன்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி சில நூறு ரூபாயில் முடியும். எல்லோருக்கும் முதல் படம் அதுதான், அதில் தவறில்லை. ஆனால் எலும்பின் தாதுச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரியும். ஆரம்ப வாரங்களில் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்பதை நம்பி உட்கார வேண்டாம். சிபிசிடி (பல், தாடைக்கான சிடி) அல்லது சிடி ஸ்கேன், செத்த எலும்புத் துண்டு தனியாகப் பிரிந்து கிடப்பதையும் வெளிச்சுவர் உடைந்திருப்பதையும் தெளிவாகக் காட்டும். எங்கே வெட்ட வேண்டும் என்று அறுவை மருத்துவருக்குத் தெரிய இது வேண்டும். எம்ஆர்ஐ மஜ்ஜையில் நீர் கோர்ப்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் காட்டும், பல ஆயிரம் ஆகும். கீழ் உதடு மரத்துப் போயிருந்தாலோ, ஓபிஜி சுத்தமாக இருந்தும் வலி விடாமல் இருந்தாலோ எம்ஆர்ஐக்குச் செலவு செய்யலாம். எலும்புக்கான அணுக்கதிர் ஸ்கேன் பிரச்சினை இருக்கும் இடத்தில் பளிச்சென்று காட்டும். பல் பிடுங்கிய குழி ஆறிக்கொண்டிருந்தாலும் பளிச்சென்றுதான் காட்டும்.

எந்த ஸ்கேனும் கிருமியின் பெயரைச் சொல்லாது. சீழா, காசநோயா, புற்றுநோயா என்று அடித்துச் சொல்லவும் செய்யாது. எங்கே என்பதற்கு ஸ்கேன், என்ன என்பதற்கு எலும்பு. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஓபிஜியோடு நிறுத்திக்கொண்டு மீதியைச் சதைப் பரிசோதனைக்கு வையுங்கள்.

எலும்புத் துண்டும் இரண்டு பாட்டிலும்

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். மரத்துப்போக ஊசி போட்டு, வாய் வழியாகவோ தாடைக்குக் கீழே வெட்டியோ, நோயுள்ள எலும்பையும் அதைச் சுற்றிய சிவந்த சதையையும் எடுக்கிறார்கள். பயப்படும் அளவுக்கு வலி இல்லை. ‘சதைப் பரிசோதனை செய்தால் புற்றுநோய் பரவிவிடும்’ என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. புற்றுநோய் இருந்தால் அதைப் பிடிக்கவும் இந்த ஒரு வழிதான் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் அம்மாவின் பாட்டிலைக் கொண்டுவந்தான். வேறு ஊரில் எடுத்தது, இரண்டு மணி நேரப் பஸ் பயணம். மூடியைத் திறந்ததும், திசு கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே அரிசி அளவு எலும்பு மூன்று துண்டு.

“தம்பி, கல்ச்சருக்குத் தனியா ஏதாவது குடுத்தாங்களா?”

“இல்ல மேடம், இது ஒண்ணுதான். இதுலயே எல்லாம் பாத்துருவாங்கன்னு சொன்னாங்க.”

“ஃபார்மலின்ல போட்டாச்சுன்னா கிருமி செத்துரும்பா. இதுல வளர வைக்க முடியாது.”

அவன் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப அம்மாவுக்குத் திரும்ப எடுக்கணுமா?”

எடுக்கத்தான் வேண்டியிருந்தது. நுண்ணோக்கியில் காசநோயை நினைக்கவைக்கும் செல் கூட்டங்கள் தெரிந்தன, அதற்கான சாயத்தில் கிருமி ஒன்றும் பிடிபடவில்லை. உறுதி செய்யப் புதுத் திசு தேவைப்பட்டது. அந்த அம்மா திரும்பவும் ஊசி போட்டுக்கொண்டு, திரும்பவும் வாயைத் திறந்து உட்கார்ந்தார். முதல் நாளே இரண்டாவது பாட்டில் ஒன்று இருந்திருந்தால் அது வேண்டியிருக்காது.

ஆகவே, எலும்பு எடுக்கும் அன்று காலை, அறுவை அறைக்குள் போவதற்கு முன்பு கேளுங்கள்: “டாக்டர், கல்ச்சருக்கும் டிபி பரிசோதனைக்கும் ஃபார்மலின் இல்லாம தனியா ஒரு பாட்டில் குடுப்பீங்களா?” கிருமி நீக்கிய டப்பாவில், காயாமல் இருக்க நாலைந்து சொட்டு சலைன் விட்டால் போதும். அதை ஃபிரிட்ஜில் வைக்காமல், நேராக ஆய்வகத்துக்கு எடுத்துப் போங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ந்தால் நல்லது. சேர்த்த இடத்தில் ‘ஆக்டினோமைசிஸ் சந்தேகம், காற்றில்லாக் கல்ச்சர், இரண்டு வாரம் வைக்கவும்’ என்று கோரிக்கைத் தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் இரண்டு நாளில் மூடிவிடுவார்கள்.

ஃபார்மலின் பாட்டில் எங்களிடம் வரும். எலும்பு கெட்டி என்பதால் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்த பிறகுதான் சீவ முடியும். அறிக்கை தாமதமாவது இதனால்தான், அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். ஸ்லைடில் கிருமிக் கூட்டம் எங்கே இருக்கிறது என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. எலும்பின் வெளி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் அழற்சி எதுவும் இல்லாமல் இருந்தால் அது எச்சிலில் வந்த விருந்தாளி. மஜ்ஜை இருந்த குழிக்குள், சுற்றிலும் சீழ் அணுக்கள் மொய்க்க, விளிம்பில் இளஞ்சிவப்புக் கதிர்களோடு இருந்தால் அதுதான் நோய். அறிக்கையில் ‘ஆக்டினோமைசிஸ் காணப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தால், எங்கே காணப்பட்டது என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆறு மாத மருந்து அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது.

ஒரு சாரார் விஷயத்தில் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்கோ சோலெட்ரோனிக் ஆசிட், அலெண்ட்ரோனேட், டெனோசுமாப் போன்ற மருந்து எடுத்தவர்கள், தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கியவர்கள். இவர்களுக்கு எலும்பைச் சீண்டினால் புண் பெரிதாகலாம். புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் எடுப்பார்கள். “வேற மருந்து ஏதாவது?” என்று கேட்டால் பலரும் பிரஷர், சுகர் மாத்திரையைச் சொல்லிவிட்டு, வருடத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளும் எலும்பு ஊசியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அம்மா, பாட்டி யாருக்காவது அப்படி ஊசி போட்டிருந்தால் அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். இவர்களின் எலும்பில் ஆக்டினோமைசிஸ் அடிக்கடி தென்படும். பல நேரங்களில் அது செத்த எலும்பில் பின்னால் வந்து குடியேறியதுதான்.

டிஎன்ஏ பரிசோதனைகள்

இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காசநோய்க்கான ஜீன் எக்ஸ்பர்ட் சுமார் இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லும், ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்றும் சொல்லும். அரசு காசநோய்த் திட்டத்தில் இலவசம். காசநோய்க் கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை ஆகும். ஆகவே இரண்டாவது பாட்டிலில் ஒரு துண்டு இதற்குப் போவதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. எலும்புத் திசுவில் கிருமி எண்ணிக்கை குறைவு என்பதால் ‘இல்லை’ என்று வந்தாலும் கல்ச்சரைக் கைவிடக் கூடாது.

மற்றது, எந்தப் பாக்டீரியாவாக இருந்தாலும் அதன் 16எஸ் மரபணுவைப் படித்துப் பெயர் சொல்லும் பரிசோதனை. ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிட்டுக் கல்ச்சர் வளராதவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடையாது. வாய் வழியாக எடுத்த எலும்பில் எச்சில் கிருமிகளின் மரபணுவும் சேர்ந்து வரும். எந்த மருந்து கேட்கும் என்றும் இது சொல்லாது. நாங்கள் அமிலத்தில் ஊறவைத்த எலும்பில் டிஎன்ஏ சிதைந்து போயிருக்கும், அதில் இதைச் செய்து பணத்தை வீணாக்க வேண்டாம். இடிடிஏ என்ற மென்மையான கரைசலில் ஊறவைத்திருந்தாலோ, எலும்போடு வந்த சதையைத் தனியாக வைத்திருந்தாலோ முயன்று பார்க்கலாம். என் வரிசையில் இது கடைசி. ஸ்லைடும் கல்ச்சரும் பதில் சொல்லாதபோதுதான்.

இரண்டு அறிக்கையும் ஒத்துப்போகாவிட்டால்

இது அடிக்கடி நடக்கும். ஸ்லைடில் மஜ்ஜைக்குள் ஆக்டினோமைசிஸ் தெளிவாக இருக்கும், கல்ச்சரில் ஒன்றும் வளர்ந்திருக்காது. அப்போது நான் ஸ்லைடு பக்கம் நிற்பேன். இந்தக் கிருமி கல்ச்சரில் வளராமல் போவதுதான் அதிகம், மருந்தைத் தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கல்ச்சரில் ஏதோ வளர்ந்து, ஸ்லைடில் வெறும் அழற்சி மட்டும் இருந்தால் மாதிரி எச்சில் படாமல் எடுத்ததா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டிலும் ஒன்றுமில்லை, வலியும் வீக்கமும் மட்டும் போகவில்லை என்றால், கிருமியே இல்லாத நாள்பட்ட எலும்பு அழற்சி என்று ஒன்று உண்டு, அதற்கு ஆன்ட்டிபயாட்டிக் வேலை செய்யாது. அல்லது துண்டு எடுத்த இடம் தவறியிருக்கலாம். சிடி படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை எடுப்பது கஷ்டம்தான். சந்தேகத்தோடு ஒரு வருடம் மருந்து சாப்பிடுவது அதைவிடக் கஷ்டம்.

திரும்ப வெட்டுவதற்கு முன் ஒன்று செய்யலாம். உங்கள் எலும்பை மெழுகுக் கட்டியில் பதித்து ஆய்வகங்கள் வருடக் கணக்கில் பத்திரமாக வைத்திருக்கும். பிளாக் என்போம். அதிலிருந்து புதிதாகச் சீவி, கிராம் சாயம், வெள்ளிச் சாயம், காசநோய்ச் சாயம் எல்லாம் திரும்பப் போட்டுப் பார்க்க முடியும். அறிக்கையின் மேல்பக்க மூலையில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் தருவார்கள். பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரியின் வாய் நோய்க்குறியியல் துறைக்கு எடுத்துப் போங்கள். அதை உங்கள் கையில்தான் கொடுத்து அனுப்புவார்கள். மெழுகு உருகிவிடும், வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.